அத்தியாயம் 4: முதல் பாகத்தின் முதல் வரைவு

1937 செப்டம்பரில் டோல்கீனின் 'தி ஹாபிட்' வெளிவந்து நன்றாக விற்றது. பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் தொடர்ச்சி கேட்டார். டிசம்பரில் டோல்கீன் உட்கார்ந்து ஒரு பிறந்தநாள் விருந்தை எழுதினார். விருந்து முடிந்ததும் கதை எங்கே போகும் என்பது அவருக்கே தெரியாது. நாயகனின் பெயர் ஆரம்ப வரைவுகளில் ஃப்ரோடோ இல்லை, பிங்கோ. முந்தைய நூலின் மோதிரம் இதிலும் வரும் என்பது தெரியும், ஆனால் அதுதான் உலகத்தையே அடிமைப்படுத்த வல்ல மோதிரம் என்பது முடிவாகவில்லை. சாலையில் குளம்பொலி கேட்டு ஹாபிட்கள் ஒளிந்துகொள்ளும் காட்சி உங்களுக்கு நினைவிருக்கலாம். முதலில் எழுதியபோது அந்தக் குதிரையில் வந்தவர் மந்திரவாதி காண்டால்ஃப். அதே காட்சியைத் திருத்தும்போதுதான் அவர் கறுப்புக் குதிரைவீரனாக மாறினார். பிரீ ஊர் விடுதியின் மூலையில் உட்கார்ந்திருந்த அந்நியன், அதாவது பின்னால் அரசனாகப்போகும் அரகார்ன், முதல் வரைவில் மரச்செருப்பு போட்ட ஒரு ஹாபிட். அவன் பெயர் டிராட்டர். இந்த வரைவுகளையெல்லாம் மகன் கிறிஸ்டோபர் 1988 முதல் தொகுதிகளாக வெளியிட்டார். தொடர் நாவல் எழுத நினைப்பவர்கள், அந்தத் தொடர்ச்சியாக வளர்ந்த 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலைப் படித்ததோடு நிறுத்தாமல் இவற்றையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். நாவல் உங்களை மலைக்க வைக்கும், வரைவுகள் உங்களை எழுத வைக்கும்.

டோல்கீனால் டிராட்டரை அரகார்னாக மாற்ற முடிந்ததற்குக் காரணம் எளிமையானது. அந்தப் பக்கங்களை வாசகர் யாரும் பார்த்திருக்கவில்லை. அச்சில் வந்துவிட்ட 'ஹாபிட்' விஷயத்தில் அந்த வசதி இல்லை. அதன் முதல் பதிப்பில் கோலம் என்ற பிராணி விடுகதைப் போட்டியில் மோதிரத்தைப் பந்தயம் வைக்கும், தோற்றபின் கொடுக்கவும் தயாராக இருக்கும். புதிய கதையில் மோதிரத்தின் குணம் மாறிவிட்டதால் அந்த அத்தியாயம் இடித்தது. கடைசியில் 1951 பதிப்பில் அதைத் திருத்தி வெளியிட வேண்டியிருந்தது. பழைய பதிப்பைப் படித்தவர்களுக்குச் சொல்ல ஒரு சமாதானமும் தேட வேண்டியிருந்தது.

ஒற்றை நாவலின் முதல் வரைவுக்கும் தொடரின் முதல் பாக வரைவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஒற்றை நாவலில் கடைசி அத்தியாயம் எழுதியபின் முதல் அத்தியாயத்தைத் திருத்தலாம். தொடரில் முதல் பாகம் வெளியான அன்று உங்கள் உலகத்தின் பாதி விதிகள் இறுகிவிடும். எல்லாவற்றையும் மாற்றும் சுதந்திரம் உங்களுக்கு ஒரே ஒரு முறைதான் கிடைக்கிறது, இந்த வரைவின்போது. அதைச் சீக்கிரம் செலவழித்துவிடாமல் வரைவு எழுதுவது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

தொடங்கும் முன்

நான்கு நோட்டுப் புத்தகம் நிறைய அரச வம்சங்கள், மூன்று நிலவுகளின் நாட்காட்டி, ஏழு குலங்களின் கொடிகள் எல்லாம் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் இல்லாதது முதல் அத்தியாயம். உலகம் கட்டுவது இன்பமான வேலை. அதில் யாரும் தோற்பதில்லை, அதனால்தான் நாம் அங்கேயே தங்கிவிடுகிறோம். டோல்கீனுக்கும் இருபது ஆண்டு முன்வேலை இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. அந்தப் புராணக் கையெழுத்துப் பிரதிகளை 1937-இல் பதிப்பகத்துக்குக் கொடுத்துப் பார்த்தார், அவர்கள் எடுக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஹாபிட்கள் வரும் ஒரு கதை.

வரைவைத் தொடங்கக் கைவசம் இருக்க வேண்டியதை ஒரே தாளில் எழுதிவிடலாம். உதாரணத்துக்கு ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். ஓர் ஊர், ஓர் ஏரி. ஏரியின் மதகைத் திறக்க வேண்டுமானால் திறப்பவர் ஒரு பெயரைத் தண்ணீருக்குக் கொடுக்க வேண்டும். எந்தப் பெயரைக் கொடுத்தாரோ அந்த ஆளை அவர் மறந்துபோவார். பரம்பரையாக மதகு திறக்கும் நீர்க்கட்டியின் மகள் செவந்தி. அவளுக்கு வேண்டியது அப்பாவிடமிருந்து மதகின் சாவியைப் பிடுங்கி ஏரியில் எறிவது. முதல் பாகத்தின் முடிவில் அவளே சாவியை எடுத்து மதகைத் திறக்கிறாள்.

இவ்வளவு போதும். ஆள், அவளுக்கு என்ன வேண்டும், மந்திரத்துக்கு என்ன விலை, ஓர் இடம், முதல் பாகத்தின் முடிவு. தொடரின் முடிவு தெரிய வேண்டியதில்லை. இந்த விதியை ஏரிக்கு யார் போட்டார்கள் என்ற கேள்வி மூன்றாம் பாகம் வரை ஓடலாம், அதற்கு இப்போதே பதில் தேவையில்லை. ஆனால் முதல் பாகத்தின் முடிவு மட்டும் தெரிந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வரைவு முடியாது, நீளும். மந்திரத்தின் விலையிலும் சமரசம் வேண்டாம். விலை இல்லாத மந்திரம் கையில் இருந்தால் பத்தாவது அத்தியாயத்தில் நீங்கள் மாட்டிக்கொள்ளும் ஒவ்வொரு இடத்திலும் அதையே எடுத்துப் பயன்படுத்துவீர்கள். அப்புறம் எந்த ஆபத்தும் ஆபத்தாக இருக்காது.

வரைபடம் வேண்டுமா என்று கேட்கிறார்கள். அர்சுலா லெ குவின் 'எர்த்ஸீ' தொடரை எழுதும்போது முதலில் தீவுகளின் வரைபடத்தைத்தான் வரைந்தார். 1964-இல் இரண்டு சிறுகதைகளில் எட்டிப் பார்த்த தீவுக்கூட்டம், 1968-இல் 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலாகியது. பல தீவுகளுக்கு அப்போது பெயர் மட்டும்தான் இருந்தது, நாயகன் போய் இறங்கும்போதுதான் அங்கே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. ஆகவே வரையுங்கள், ஆனால் பென்சிலால், ஒரு தாளில். அதில் அழகைவிட நாட்கணக்கு முக்கியம். ஆள் நடந்தால் ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர், பாரம் ஏற்றிய மாட்டுவண்டி என்றால் 20 அல்லது 25. இந்தக் கணக்கு இருந்தால் செவந்தி காலையில் புறப்பட்டு மாலைக்குள் தலைநகரம் சேர்ந்துவிடும் அசம்பாவிதம் நடக்காது.

முதல் காட்சி

நம்மவர்களின் முதல் அத்தியாயங்களில் ஒரு வழக்கமான நோய் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு போர் நடந்தது என்று தொடங்கி, போரிட்ட அரசர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, சாபத்துக்கு ஒரு பத்தி கொடுத்து, நாலாவது பக்கத்தில்தான் ஒரு மனிதர் வந்து வாயைத் திறப்பார். வரைவில் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை என்றால் எழுதிக்கொள்ளுங்கள், தனிக் கோப்பில். நாவலை வேறு இடத்தில் தொடங்குங்கள்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1991-இல் வேறொரு நாவலை எழுதிக்கொண்டிருந்தார். நடுவில், கோடைகாலப் பனியில் செத்துக்கிடக்கும் தாய் ஓநாயையும் அதன் குட்டிகளையும் சிலர் கண்டெடுக்கும் காட்சி அவருக்குத் தோன்றியது. அது எந்தக் கதை, எந்த நாடு என்று தெரியாமலேயே எழுதினார். 1996-இல் வந்த 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நாவலில் முன்னுரைக் காட்சியை அடுத்து வரும் முதல் அத்தியாயம் அதுதான். அதில் வம்ச வரலாறு இல்லை. குட்டிகளைக் கொல்வதா வளர்ப்பதா என்ற ஒரு தீர்மானம் இருக்கிறது, அதை எடுக்கும் விதத்தில் அந்தக் குடும்பமே தெரிந்துவிடுகிறது.

செவந்தியின் கதைக்கு முதல் வரைவு இப்படி இருக்கலாம்:

விடியுமுன்பே அப்பா போய்விட்டிருந்தார். ஆணியில் சாவி இல்லை. [எந்த மாதம்? நடவா, கதிர் முற்றும் நேரமா?] தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு செவந்தி கரைக்கு ஓடினாள். [வழியில் யாராவது தடுக்கலாமா?] வாய்க்காலில் தண்ணீர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அப்பா மதகுக் கல்மேல் உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கஞ்சி குடிப்பா," என்றாள். அவர் ஏற இறங்கப் பார்த்தார். "யாரும்மா நீங்க?" [அவளுக்கு உடனே புரிகிறதா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்.]

மொழிநடை இன்னும் மெருகேறவில்லை. பரவாயில்லை. ஏரி, விதி, விலை, மகள் எல்லாம் பத்து வரிக்குள் வந்துவிட்டன, விளக்கம் ஒன்றும் இல்லை. சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பவை எழுதும்போதே எழுந்த கேள்விகள். அவற்றுக்குப் பதில் தேடி எழுந்து போனால் அன்றைய எழுத்து போயிற்று. கேள்வியை அங்கேயே போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். கணினியில் பின்னால் அந்த அடைப்புக்குறியைத் தேடினால் எல்லாக் கேள்விகளும் வரிசையாக வந்து நிற்கும்.

யாரை நீ, யாரை நீங்க

மேலே உள்ள காட்சியில் அடி விழுவது 'நீங்க' என்ற இடத்தில். பெற்ற மகளை மரியாதையோடு விளிக்கிறார் அப்பா. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்த ஆயுதம் கிடையாது. நமக்கு நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று நாலைந்து படிகள் உள்ளன, ஆனாலும் நம் ஃபேன்டஸிகளில் சேவகன் முதல் சக்கரவர்த்தி வரை எல்லோரும் பழைய ராஜா ராணி படத்து வசனத்தில் பேசிக்கொள்கிறார்கள்.

வரைவு தொடங்கும்போதே எடுக்க வேண்டிய முடிவு இது, பின்னால் மாற்றுவது பெருங்கஷ்டம். உங்கள் ஆட்கள் எந்தத் தமிழ் பேசுவார்கள்? செந்தமிழ் என்றால் நாடக மேடை நினைவு வரும். அச்சு அசலான நெல்லைப் பேச்சு என்றால் வாசகர் உங்கள் கற்பனை ஊரைத் தாமிரபரணிக் கரையில் தேடுவார். எனக்குச் சரியென்று படுவது, உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு வட்டாரத்தின் வாக்கிய ஓட்டத்தை வைத்துக்கொண்டு, அந்த வட்டாரத்தை உடனே காட்டிக்கொடுக்கும் சொற்களை மட்டும் கழித்துவிடுவது. 'ஏலே' போய்விடும், வாக்கியம் திரும்பும் விதம் தங்கிவிடும். விவரிப்பு எழுத்துத்தமிழிலேயே இருக்கட்டும்.

பிறகு யார் யாரை எப்படி விளிக்கலாம் என்று ஒரு அரைப்பக்கம் எழுதி வையுங்கள். மதகு திறப்பவரை ஊர்த்தலைவர் 'நீர்' என்று சொல்ல வேண்டுமா? தலைவரின் மனைவியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா? பெண்கள் கணவரை என்னவென்று அழைக்கிறார்கள்? இந்த அரைப்பக்கம் பத்துப் பக்க அரசியலமைப்பை விடப் பயன்படும். நம் ஊர்ச் சாதி அடுக்கு வேறு பெயர் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்திருந்தால் அதுவும் இங்கேதான் பிடிபடும். தெரிந்து வைப்பது வேறு, தெரியாமல் வந்து உட்கார்வது வேறு.

பெயர்கள் பற்றி ஒரு தொழில் குறிப்பு. வரைவில் தற்காலிகப் பெயர் வைக்கலாம், பிங்கோ ஃப்ரோடோ ஆனதைப் பார்த்தோம். ஆனால் கணினியில் ஒரே சொடுக்கில் மாற்றிவிடலாம் என்று நம்பி இறங்காதீர்கள். தமிழில் பெயர் வேற்றுமை உருபோடு சேர்ந்து உருமாறும். ஊருக்கு 'மருதம்' என்று பெயர் வைத்து, பிறகு 'மருதூர்' என்று மாற்றினால் 'மருதத்தில்', 'மருதத்துக்கு' எல்லாம் தப்பித்து அப்படியே நிற்கும். 'கீழாறு' என்று வைத்தால் 'கீழாற்றில்'. ஆகவே தற்காலிகப் பெயரும், நீங்கள் யோசித்து வைத்திருக்கும் பெயரும் ஒரே மாதிரி முடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கைபேசியில் பேசித் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. நீங்கள் புதிதாகப் படைத்த பெயரை அது தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு சொல்லாக மாற்றிவிடும், ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொல்லாக.

கடன் நோட்டு

மளிகைக் கடைக்காரர் வைத்திருக்கும் கடன் நோட்டைப் போல ஒன்று உங்கள் மேசையில் இருக்க வேண்டும். வாசகருக்கு நீங்கள் கிளப்பிவிட்ட ஒவ்வொரு புதிரும் ஒரு கடன். பாட்டி ஏன் ஏரிப்பக்கம் போவதே இல்லை? மூன்றாவது அத்தியாயத்தில் வந்துபோன வணிகன் யார்? எந்த அத்தியாயத்தில் வாங்கினீர்கள், எந்தப் பாகத்தில் அடைப்பதாக எண்ணம் என்று இரண்டு பத்தி போட்டு எழுதிவாருங்கள். முதல் பாகம் முடியும்போது பெரும்பாலானவை அடைந்திருக்க வேண்டும். அடுத்த பாகத்துக்குப் போகலாம் என்று நான் அனுமதிப்பது மூன்றோ நான்கோதான். இது என் கறார்க் கணக்கு, நீங்கள் ஒன்றிரண்டு கூட்டிக்கொள்ளலாம். ஆனால் எல்லாவற்றையும் அடுத்த பாகத்துக்குத் தள்ளிவிட்டு 'தொடரும்' போடுவது வாசகரை ஏமாற்றும் வேலை.

பெரிய எழுத்தாளர்களே இந்தக் கணக்கில் திணறியிருக்கிறார்கள். மார்ட்டின் தன் கதையை மூன்று பாகமாகத்தான் திட்டமிட்டார். அது ஏழு பாகத் திட்டமாக வளர்ந்தது, ஐந்தாவது 2011-இல் வந்தது, ஆறாவதற்கு வாசகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். மூன்றாம் பாகத்துக்குப் பின் ஐந்து ஆண்டு தாண்டிக் கதையைத் தொடரவும் அவர் எண்ணியிருந்தார், குழந்தைப் பாத்திரங்கள் வளர்ந்திருக்க வேண்டும் என்பதற்காக. எழுதிப் பார்த்தபோது அது ஒத்துவரவில்லை, கைவிட்டார். அதற்குள் அந்தக் குழந்தைகளின் வயது மூன்று நூல்களில் அச்சாகியிருந்தது. ராபர்ட் ஜோர்டன் 'தி வீல் ஆஃப் டைம்' தொடரை 1990-இல் தொடங்கினார், 2007-இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் எழுதிய பதினான்காவது பாகம் 2013-இல் வந்தபோதுதான் கதை முடிந்தது. குறிப்புகள் இருந்ததால் முடிந்தது.

எனவே நோட்டின் பின்பக்கத்தில் பாத்திரங்களின் வயதையும், கதை நடக்கும் பருவத்தையும் எழுதுங்கள். முதல் பாகத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளை, நான்காம் பாகத்தில் படை நடத்த வேண்டியிருக்கலாம். அதை நினைத்துப் பார்க்க வேண்டிய நேரம் இதுதான்.

எழுதும்போதே வெளியிடலாமா?

இந்தக் கேள்வி தமிழில் எழுதுபவர்களிடம் அதிகம் வரும். வாரப் பத்திரிகைத் தொடர்கதை நம் நாவலின் தாய்வீடு. இப்போது பிரதிலிபி போன்ற செயலிகளில் எழுதிய அன்றே ஏற்றிவிடலாம், இரவுக்குள் ஐம்பது பேர் 'அடுத்து என்ன?' என்று கேட்பார்கள். அந்த உற்சாகம் பொய்யில்லை. கல்கி 1950 முதல் 1954 வரை வாரா வாரம் எழுதித்தானே 'பொன்னியின் செல்வன்' வந்தது? ஜெயமோகன் 2014 தொடங்கி 2020 வரை நாள்தோறும் தன் இணையதளத்தில் வெளியிட்டுத்தானே 'வெண்முரசு' 26 நாவல்களாக நிறைந்தது?

இரண்டும் உண்மை. ஆனால் கல்கிக்குப் பின்னால் சோழ வரலாறு இருந்தது. ஆதித்த கரிகாலன் கொல்லப்படுவான், உத்தம சோழன் அரியணை ஏறுவான், ராஜராஜன் காத்திருந்து அடுத்து வருவான். எந்த வாரம் எங்கே திரும்பினாலும் கதை கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் கல்வெட்டில் இருந்தது. ஜெயமோகனுக்குப் பின்னால் மகாபாரதம். சொந்தமாக உலகம் படைப்பவருக்கு அப்படி எதுவும் இல்லை. ஐந்தாவது அத்தியாயத்தில், மறந்த பெயர் ஒருபோதும் திரும்பாது என்று எழுதி வெளியிட்டுவிட்டு, இருபதாவதில் அது திரும்ப வேண்டும் என்று தோன்றினால் என்ன செய்வீர்கள்? ஒரு முனிவரைக் கொண்டுவந்து விதிவிலக்கு சொல்ல வைப்பீர்கள். வாசகர் மன்னிப்பார், அந்த விதியை அதற்கப்புறம் நம்பமாட்டார்.

முதல் பாகத்தின் கடைசி அத்தியாயம் வரை எழுதி முடித்துவிட்டு, ஒருமுறை திருத்திவிட்டு, அப்புறம் வாரம் ஒன்றாக ஏற்றுங்கள். வாசகருக்கு வித்தியாசம் தெரியாது. கருத்துகளும் வரும், உற்சாகமும் வரும். விதியை மாற்றும் சாவி மட்டும் அதுவரை உங்களிடம் இருக்கும்.

தினசரி வேலை

ஒரு நாளைக்கு 500 சொல் போதும். ஐந்து மாதத்தில் 75,000 சொல் சேரும். தமிழில் அது கெட்டியான ஒரு நாவல். ஆங்கில எழுத்தாளர்கள் சொல்லும் கணக்கோடு ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள். அவர்கள் மூன்று சொல்லில் சொல்வதை நாம் உருபு சேர்த்து ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம்.

நடுவில் ஏதாவது மாறும். ஏழாவது அத்தியாயத்தில் செவந்திக்கு ஓர் அண்ணன் இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றும். அப்பா அவன் பெயரை எப்போதோ தண்ணீருக்குக் கொடுத்துவிட்டார், அவன் அதே வீட்டுத் திண்ணையில் விருந்தாளி மாதிரி வாழ்கிறான். உடனே ஒன்று முதல் ஆறு வரை திருத்தப் போகாதீர்கள். 'அண்ணன் உண்டு, ஒன்றாம் அத்தியாயத்திலிருந்தே' என்று ஒரு வரி எழுதிவிட்டு, எட்டாவதில் அவன் எப்போதும் இருந்தவன்போல எழுதிக்கொண்டு போங்கள். திரும்பிப் போய்த் திருத்துபவர்களின் ஒன்றாம் அத்தியாயம் பிரமாதமாக இருக்கும், பன்னிரண்டாவது அத்தியாயம் இருக்காது.

எங்காவது நின்றும் போகும். டோல்கீனே மோரியாச் சுரங்கத்தில் பாலினின் கல்லறை அருகே கதையை நிறுத்திவிட்டு நீண்ட காலம் தொடாமல் இருந்தார். நின்ற இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது, மந்திரத்தின் விலையை யாராவது கட்டாமல் தப்பித்திருக்கிறார்களா என்பது. பெரும்பாலும் அங்கேதான் கதை இலேசாகியிருக்கும். அது இல்லையென்றால் அந்தக் காட்சியை இரண்டு வரிச் சுருக்கமாக அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு அடுத்த காட்சிக்குத் தாண்டுங்கள்.

கடைசி அத்தியாயம் முடிந்த அன்றே இரண்டாம் பாகத்தின் முதல் காட்சியை ஒரு பக்கம் எழுதி வைத்துவிடுங்கள், குரல் காதில் இருக்கும்போதே. பிறகு ஒரு மாதமாவது கோப்பைத் திறக்காதீர்கள். திறக்கும்போது திரையில் படிக்காமல் ஏ4 தாளில், ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, பேனாவோடு படியுங்கள். முதல் வாசகராக ஃபேன்டஸி அதிகம் படிக்காத ஒருவரைப் பிடியுங்கள். படித்துப் பழகியவர்கள் நீங்கள் எழுதாமல் விட்டதையும் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். அந்த வாசகரிடம் கருத்துக் கேட்க வேண்டாம். எந்தப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனார், எந்தப் பக்கத்தில் முன்னால் புரட்டிப் பார்த்தார் என்று மட்டும் ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.